அப்டேட் செய்தால் பைத்தான் வந்துவிடுமா?

கேள்வி: அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மகளுக்காக டிஐ-84 பிளஸ் சிஇ கிராஃபிங் கால்குலேட்டரை ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கினோம். அப்டேட் செய்து வரும்படி டீச்சர் சொல்கிறார். விற்றவரோ, நாற்பது டாலர் தந்தால் அப்டேட்டோடு பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியையும் ஏற்றித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு சென்ட்கூடக் கொடுக்காதீர்கள். அப்டேட் இலவசம். கால்குலேட்டரைத் தயாரிக்கும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் (டிஐ) தளத்தில் டிஐ கனெக்ட் சிஇ என்ற மென்பொருளும் அப்டேட் கோப்பும் கிடைக்கும். மென்பொருளைக் கணினியில் நிறுவி, சார்ஜ் ஏற்றிய கால்குலேட்டரை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, அதன் வழியே கோப்பை அனுப்பினால் போதும். மகள் எழுதிய புரோகிராம்கள் இருந்தால் முதலில் அவற்றைக் கணினிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பைத்தான் விஷயம் சுத்தப் பித்தலாட்டம். பைத்தான் எடிஷன் என்று தனியாக ஒரு மாடல் விற்கிறார்கள். அதற்குள் பைத்தானை ஓட்டவே இன்னொரு சிப் இருக்கிறது. உங்களுடையதில் அந்தச் சிப் இல்லை என்றால் எந்த அப்டேட்டாலும் அதை முளைக்க வைக்க முடியாது. பிஆர்ஜிஎம் பொத்தானை அழுத்திப் பாருங்கள்; பைத்தான் ஆப் என்று ஒரு வரி வந்தால் அது பைத்தான் எடிஷன். 'பிரான்சில் பழைய கால்குலேட்டரிலேயே பைத்தான் ஓடியதே' என்று விற்றவர் வாதாடலாம். ஓடியது உண்மைதான். அங்கே விற்கும் டிஐ-83 பிரீமியம் சிஇ மாடலுக்கு, யுஎஸ்பி துளையில் செருகும் அடாப்டர் ஒன்று வந்தது. அந்த அடாப்டருக்குள்தான் சிப் இருந்தது! ஆக, அங்கேயும் வெறும் மென்பொருளால் நடக்கவில்லை.

அப்டேட் ஆனதும் திரையைப் பார்த்தால் 'இதற்குத்தானா?' என்று தோன்றும். வரைபடம் அதேதான், மெனுவும் ஏறக்குறைய அதேதான். பழைய 5.1 போன்ற பதிப்பிலிருந்து வந்தால், துண்டுச் சார்புகளை (வெவ்வேறு இடைவெளியில் வெவ்வேறு சூத்திரம் கொண்டவை) உள்ளிட ஒரு வார்ப்புரு மேத் மெனுவில் புதிதாக இருக்கும். கால்குலஸ் படிக்கும்போது உதவும். இழப்பும் உண்டு. 2020-இல் வந்த 5.5.1 முதல் அசெம்பிளி, சி ஆகிய மொழிகளில் எழுதிய புரோகிராம்கள் ஓடாது; பிள்ளைகள் ஏற்றி வைக்கும் கேம்களில் பல அவைதான். கால்குலேட்டரின் சொந்த மொழியான டிஐ-பேசிக்கில் எழுதியவை ஓடும். பழையபடி மாற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் இறங்காதீர்கள். இப்போதுள்ள பதிப்பைப் பார்க்க செகண்ட், மெம் பொத்தான்களை அழுத்தி, அபௌட் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

2024 முதல் அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வே கணினியில்தான். டெஸ்மாஸ் கால்குலேட்டர் அதற்குள்ளேயே இருக்கிறது. அப்படியிருந்தும் பல பள்ளிகள் நூறு டாலருக்கு மேல் விலையுள்ள இந்தக் கருவியைக் கேட்கின்றன. ஏன் என்று டீச்சரிடம் கேட்டுப் பாருங்கள். விற்றவரிடம் மட்டும் கேட்காதீர்கள், அவர் இன்னொரு விலை சொல்வார்.