அம்மாவுக்குத் தெரியாம கேமரா வைக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 76 வயசு, கும்பகோணத்துல தனியா இருக்காங்க, நான் பெங்களூர்ல. போன மாசம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து, வேலைக்கார அக்கா வர்ற வரைக்கும் அப்படியே கிடந்திருக்காங்க. ஹால்ல கேமரா வைக்கலாம்னா ஒத்துக்க மாட்டேங்கறாங்க. சொல்லாம வச்சிடலாம்ங்கறான் தம்பி. என்ன பண்றது?

பதில்: சொல்லாம வைக்காதீங்க, ப்ளீஸ். ஒரு நாள் தெரிஞ்சா, அப்புறம் நீங்க எதை வாங்கிட்டுப் போனாலும் அம்மா தொட மாட்டாங்க. அது அவங்க வீடு, நைட்டியோட கால நீட்டி உக்காந்திருக்கறத பெத்த பிள்ளையே ஆனாலும் போன்ல பாத்துட்டிருந்தா கூசாதா? அதோட, விழுந்தது பாத்ரூம்ல, ஹால் கேமரா அதைக் காட்டாதே.

விழுந்தா உடனே தெரியணும், அதானே உங்க கவலை. கழுத்துல மாட்டற எஸ்ஓஎஸ் பட்டன், அதாவது ஆபத்துல அமுக்கினா நாம போட்டு வச்ச நம்பருக்குத் தகவல் போற பட்டன், வாங்குங்க, தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாததா பாத்து வாங்குங்க, இல்லேன்னா குளிக்கப் போறப்ப கழட்டி ஆணியில மாட்டிட்டுப் போயிடுவாங்க. பாத்ரூம் சுவத்துல வைக்கறதா இருந்தா சுவிட்ச் போர்டு உயரத்துல வேண்டாம், கயிறு இழுக்கற மாடல்ல கயிறு தரை கிட்ட வரைக்கும் தொங்கணும், கீழ கிடக்கறவங்க கைக்கு எட்டணும்ல. விழுந்தா தானா கண்டுபிடிக்கற வாட்ச் இருக்கு, ஆப்பிள்ல 2018லேர்ந்தே வருது, ஆனா அடிக்கடி சார்ஜ் போடணும், மெதுவா சரிஞ்சு உக்காந்தா அதுக்குத் தெரியாமலும் போகலாம்.

கிச்சன் கிட்ட ஒரு மோஷன் சென்சார் வைங்க. படம் எடுக்காது, பேச்சு கேக்காது, ஆள் நடமாட்டம் மட்டும்தான் தெரியும், காலைல 7 மணி வரைக்கும் அசைவே இல்லேன்னா உங்க போனுக்கு மெசேஜ் வர்ற மாதிரி செட் பண்ணிக்கலாம். அம்மாகிட்ட இப்படியே சொல்லிப் பாருங்க, பெரும்பாலும் சரின்னுடுவாங்க. கரண்ட் போனா வைஃபையும் போயிடும், ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் போட்டுடுங்க. கேஸ் லீக் அலாரம் வாங்கினா கீழ, தரை பக்கமா மாட்டச் சொல்லுங்க, சிலிண்டர் கேஸ் காத்த விட கனம்.

எல்லாத்துக்கும் மேல, அலாரம் அடிச்சா யார் ஓடுவாங்க? பெங்களூர்லேர்ந்து நீங்க போய்ச் சேர ஒரு ராத்திரி ஆகும். பக்கத்து வீட்ல ஒருத்தர்கிட்ட பேசி, ஒரு சாவி குடுத்து, அவங்க நம்பரையே பட்டன்ல முதல்ல போடுங்க, உங்களது ரெண்டாவது. 108ஐ பெரிய எழுத்துல எழுதி போன் பக்கத்துல ஒட்டுங்க, முதியோருக்கான 14567 ஹெல்ப்லைனையும் சேத்து.

இதெல்லாம் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு லீவு போட்டு ஊருக்குப் போய் அம்மாவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. வழுக்கினதா, இல்ல தலை சுத்தினதான்னு கேளுங்க. பிரஷர் மாத்திரையாலயும் எழுந்திரிக்கறப்ப கிறுகிறுன்னு வரலாம், அப்படின்னா டோஸ மாத்தணுமான்னு அவர் பாத்துச் சொல்லுவார்.