உறங்கும் கூடம் கிழக்கே வர வேண்டும்

நீங்கள் செய்யும், இங்கிலாந்தின் ஃபவுண்டன்ஸ் மடத்தின் சிறிய மாதிரியில் துறவிகளின் உறங்கும் கூடத்தை மேற்கே வைத்தால் தேவாலயம் தொலைவாகிவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். கிழக்கே மாற்றுங்கள், சரியாகிவிடும். 1132-இல் தொடங்கிய அந்த சிஸ்டர்சியன் (கத்தோலிக்கத் துறவிகளில் ஒரு பிரிவு) மடத்தில் வடக்கே தேவாலயம், அதன் தெற்கே ஒட்டினாற்போல் சதுர முற்றம். முற்றத்தின் கிழக்குப் பக்கம் கீழே ஆலோசனைக் கூடம், மாடியில் படுக்கைகள். மாடியிலிருந்து ஒரு படிக்கட்டு நேரே தேவாலயத்துக்குள் இறங்கும். இரவு ஜெபத்துக்குத் தூக்கக் கலக்கத்தோடு எழுந்தவர்கள் குளிரில் வெளியே போகாமல் அதில்தான் இறங்கினார்கள். தயவுசெய்து அந்தப் படிக்கட்டை விட்டுவிடாதீர்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம்.

உணவுக்கூடத்தைத் தெற்கு நோக்கி நீட்டி வையுங்கள். இரு பக்கமும் சமையலறைக்கும் கணப்பறைக்கும் (நெருப்பில் குளிர்காயும் அறை) இடம் கிடைக்கும். மேற்குக் கட்டடம் உழைக்கும் சகோதரர்களுடையது, அதாவது மடத்தின் உடலுழைப்பு வேலைகளைச் செய்தவர்களுடையது. அப்புறம், அவர்களின் கழிப்பறை மடத்தை ஒட்டி ஓடும் ஸ்கெல் ஆற்றின் மேல் வரும்.