ஆபீஸில் தினம் எழுத எந்தப் பேனா? – கேள்வி பதில்

வங்கி ஊழியர், திருச்சி: ஐயாயிரம் ரூபாய் வரை செலவு செய்யலாம் என்றிருக்கிறேன். நாள் முழுக்கக் கையெழுத்தும் சின்னச் சின்னக் குறிப்புகளும்தான். லாமி சஃபாரி இங்க் பேனாவா, பார்க்கர் ஜாட்டரா?

உங்கள் வேலைக்கு ஜாட்டர் பால்பாயிண்ட் போதும் சார். சலான், வவுச்சர், பாஸ்புக் என்று ஒவ்வொரு நிமிஷமும் வேறு தாளில் எழுதுகிறீர்கள். மட்டமான தாளில் இங்க் பேனாவின் மை பரவிவிடும். கார்பன் நகல் வேண்டுமென்றால் நிப்பை அழுத்தவும் முடியாது. பால்பாயிண்டில் இருப்பது எண்ணெய் கலந்த கெட்டி மை. அநேகமாக எந்தத் தாளிலும் நிற்கும்.

ஜாட்டர் 1954-இல் வந்தது. பார்க்கர் ரீஃபிலின் அளவைப் பிறகு பல கம்பெனிகளும் எடுத்துக்கொண்டதால், உள்ளே வேறு ரீஃபில் போட்டுக்கொள்ளலாம். ஷ்மிட் ஈஸிஃப்ளோ 9000 போட்டுப் பாருங்கள், அதே பேனா வழுக்கிக்கொண்டு ஓடும். மிச்சப் பணம் உங்களிடமே இருக்கட்டும்.

ஆசிரியை, மதுரை: நோட்டுத் திருத்தித் திருத்தி விரல் வலிக்கிறது. தங்க நிப் வாங்கினால் சரியாகுமா?

தங்கத்துக்காகப் பணம் போட வேண்டாம் டீச்சர். பால்பாயிண்டை அழுத்தி உருட்டினால்தான் மை வரும், வலிக்கு அது ஒரு காரணம். இங்க் பேனாவில் நிப்பின் பிளவு வழியாக மை தானாக இறங்கும், தாளைத் தொட்டாலே போதும். அதனால் இங்க் பேனாவுக்கு மாறுவது நல்லதுதான்.

ஆனால் தங்க நிப்பிலும் தாளைத் தொடுவது தங்கம் இல்லை. நுனியில் ஒட்டவைத்த கடினமான உலோகக் கலவைதான் தொடுகிறது. நல்ல ஸ்டீல் நிப்பிலும் அதே ஏற்பாடுதான். எழுத்து வழுக்குவது அந்த நுனியை எவ்வளவு நன்றாக மெருகேற்றியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. தங்கத்துக்குத் துருப்பிடிக்காத குணம் உண்டு, சில நிப்புகளில் கொஞ்சம் நெகிழ்வும் கிடைக்கும். அவ்வளவுதான்.

விலை எதற்கு ஏறுகிறது என்று பார்க்க லாமியே நல்ல உதாரணம். பிளாஸ்டிக் சஃபாரியிலும், அதைவிட விலை கூடிய உலோக ஸ்டூடியோவிலும் வருவது ஒரே வகை ஸ்டீல் நிப். கூடுதல் காசு உடம்புக்குப் போகிறது.

கடைக்குப் போய்ப் பிடித்துப் பார்த்தே வாங்குங்கள். சஃபாரியில் விரல் வைக்கும் இடம் முக்கோணமாகச் செதுக்கியிருக்கும். உங்கள் பிடி அதோடு ஒத்துப்போகவில்லை என்றால் வலி கூடும். பைலட் மெட்ரோபாலிட்டன் உருண்டையாக இருக்கும். இன்னொன்று, ஜப்பான் பேனாவின் ஃபைன் நிப் ஜெர்மன் ஃபைனைவிட மெல்லிய கோடு போடும். பிள்ளைகள் எழுதிய வரிகளுக்கு நடுவில் திருத்த அதுதான் வசதி. எனக்குக் கேட்டால் உங்களுக்கு மெட்ரோபாலிட்டன் ஃபைன்.

மருத்துவர், கோவை: ஒவ்வொரு நோயாளிக்கும் மூடியைத் திறந்து மூட முடியவில்லை. திறந்தே வைத்தால் நிப் காய்கிறது.

பைலட் கேப்லெஸ் வாங்குங்கள் டாக்டர். 1963-இலிருந்து வருகிறது. பட்டனை அழுத்தினால் நிப் வெளியே வரும், மறுபடி அழுத்தினால் உள்ளே போய் ஒரு சிறு கதவு மூடிக்கொள்ளும். விலை அதிகம், ஆனால் இங்கே பணம் பேனா வேலை செய்யும் விதத்துக்காகப் போகிறது. அதனால் மனசார சிபாரிசு செய்கிறேன். கிளிப் நிப் பக்கம் இருக்கும், சிலருக்கு விரலில் இடிக்கும். அதை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

பிளாட்டினம் 3776 செஞ்சுரியும் மை காயாமல் வைத்திருப்பதில் கெட்டி. அதற்குத் திருகு மூடி, புறநோயாளிக் கூட்டத்தில் ஒத்துவராது. (3776 என்பது ஃபியூஜி மலையின் உயரம், மீட்டரில்.)

வழக்கறிஞர், சென்னை: பத்திரத்தில் போடும் கையெழுத்து தண்ணீர் பட்டாலும் நிற்க வேண்டும்.

பேனாவை மாற்ற வேண்டாம், மையை மாற்றுங்கள். சாதாரண நீல மை ஈரத்தில் கரையும். பிளாட்டினம் கார்பன் பிளாக், செய்லர் கிவாகுரோ இரண்டும் நுண்துகள் மை; காய்ந்தபின் தண்ணீருக்கு அசையாது. ஆனால் பேனாவுக்குள்ளேயே காய விட்டால் அடைத்துக்கொள்ளும். தினம் எழுதுங்கள், அவ்வப்போது கழுவுங்கள்.

கணக்காளர், சேலம்: ஓய்வு பெறும் மேலதிகாரிக்கு எல்லோரும் சேர்ந்து மோண்ட்பிளாங்க் 149 வாங்கலாமா?

பரிசுக்கு அழகான பேனா, மறுக்கமாட்டேன். ஆனால் அது தடிமன். சின்னக் கை உள்ளவர் அதை எடுத்து எழுதமாட்டார், பெட்டியில்தான் வைப்பார். அவர் உண்மையிலேயே எழுதுகிறவர் என்றால் 14 காரட் நிப் உள்ள பைலட் கஸ்டம் 74 பல மடங்கு குறைந்த விலைக்கே கிடைக்கும்.

இல்லையென்றால் நம் திருவள்ளூர் ரங்கா பேனா. எபோனைட் என்ற கெட்டி ரப்பரைக் கையால் கடைந்து செய்கிறார்கள், பிடிக்க இதமாக இருக்கும். உடம்பிலேயே மை ஊற்றும் வகை வாங்கினால் ஒரு விஷயம் சொல்லிக் கொடுங்கள்: மை குறைந்ததும் கைச்சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து சொட்டு விழும், அதனால் மை கால்வாசிக்குக் குறைந்ததும் நிரப்பிவிட வேண்டும். வெயிலில் வைத்தால் எபோனைட் நிறம் மங்கும், அதையும் சொல்லுங்கள்.

விற்பனைப் பிரதிநிதி, ஈரோடு: விமானத்தில் இங்க் பேனா கசிகிறது.

பேனாவுக்குள் இருக்கும் அதே காற்றுதான் காரணம், மேலே போனால் வெளியே அழுத்தம் குறைந்து அது விரியும். முழுக்க நிரப்புங்கள், அல்லது முழுக்கக் காலி செய்யுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் நிப் மேலே பார்த்திருக்கட்டும்.