அரசாங்கத்துக் காசுலயே அரசாங்கத்தை எதிர்த்துப் பேசுவாங்களா? கோத்தகிரி தம்பிக்கு

தம்பி, உங்க கேள்வியப் பாத்து ரெண்டு நாளாச்சு, இப்பதான் உக்காந்து டைப் பண்றேன். நான் இப்ப மெல்பர்ன்ல இல்ல, அம்மாவப் பாக்க குன்னூர் வந்திருக்கேன், இங்க மூணு நாளா மழை, கரண்ட் வர்றதும் போறதுமா இருக்கு.

நீங்க கேட்டது இதான். ஆஸ்திரேலியாவுல பிஆர் (நிரந்தரமா தங்குற விசா) கெடச்சு மெல்பர்ன் வந்து எட்டு மாசம், பையனுக்கு பதினோரு வயசு, செரிப்ரல் பால்சி, அதாவது மூளை பாதிப்பால கை கால் அசைவு சரியா வராது. என்டிஐஎஸ்னு ஊனமுற்றவங்களுக்குத் தேவையான உதவிக்கு அங்க கவர்மென்ட் காசு குடுக்குற திட்டம், அதுல பையனுக்கு பிளான் வந்துச்சு, ஆனா தெரபிஸ்ட் ரிப்போர்ட்ல எழுதுன அளவுக்குத் தெரபி மணிநேரம் இல்ல. அட்வகசி ஆபீஸ்னு ஒண்ணு இருக்கு, ஃப்ரீயா உங்களுக்காகப் பேசுவாங்கன்னு யாரோ சொல்லியிருக்காங்க, விசாரிச்சா அவங்களுக்குக் காசு குடுக்குறதே கவர்மென்ட், அப்ப எப்படி கவர்மென்ட்டுக்கு எதிரா பேசுவாங்கன்னு உங்களுக்கு யோசனை.

யோசனை சரிதான். உங்க ஊர்ப்பக்கம் பச்சத்தேயிலைக்கு வெல கேட்டு பந்தல் போட்டு உண்ணாவிரதம் இருந்தாங்கல்ல, அந்தப் பந்தலுக்கும் மைக்செட்டுக்கும் டீ போர்டே காசு குடுத்துச்சுன்னு சொன்னா நாம யாராச்சும் நம்புவோமா? எங்கப்பா அருவங்காடு கார்டைட் ஃபேக்டரில யூனியன் ஆளு, சந்தா கட்டுனவனுக்குத்தான் சங்கம் பேசும்னு கேட்டே வளந்தவ நான், அதனால ஆரம்பத்துல எனக்கும் இது தலையில ஏறல.

விஷயம் என்னன்னா, பிளான் போடுற ஏஜென்சி வேற, இவங்களுக்குக் காசு குடுக்குற இலாகா வேற. ஃபெடரல் கவர்மென்ட்ல நேஷனல் டிசபிலிட்டி அட்வகசி புரோகிராம்னு ஒண்ணு இருக்கு, 1986ல வந்த டிசபிலிட்டி சர்வீசஸ் சட்டத்துக்குக் கீழதான் ரொம்ப வருஷம் ஓடுச்சு, 2024 ஜனவரி 1ல இருந்து அந்த இடத்துக்குப் புதுச் சட்டம் வந்திருக்கு. பிளான் முடிவை எதிர்த்து டிரிப்யூனல் (தீர்ப்பாயம்) வரைக்கும் போறவங்களுக்குத் துணையா நிக்க என்டிஐஎஸ் அப்பீல்ஸ்னு தனியா ஒரு ஃபண்ட். இது போக மெல்பர்ன் இருக்குற விக்டோரியா மாநிலமும் தன் பங்குக்கு ஒரு அட்வகசி திட்டம் வச்சிருக்கு. உங்க பையன் பிளான்ல இருந்து இவங்களுக்கு ஒரு டாலர் கூடப் போகாது. சப்போர்ட் கோஆர்டினேட்டர்னு பிளான்ல உள்ள உதவிய ஏற்பாடு பண்ணித் தர ஒருத்தர் வருவாரு பாருங்க, அவருக்குச் சம்பளம் பிளான்ல இருந்து, அவரையும் அட்வகேட்டையும் (வக்கீல் இல்ல, அட்வகசி ஆபீஸ்ல இருந்து நமக்காகப் பேச வர்றவங்க) ஒண்ணுன்னு நெனச்சுக்காதீங்க. நீங்க போற ஆபீஸ் தெரபி, கேர் மாதிரி சர்வீஸ் எதுவும் விக்குதான்னு மட்டும் வாய் விட்டே கேட்டுருங்க, வித்தா அப்புறம் அவங்களைப் பத்தியே புகார் சொல்லணும்னா யாருகிட்ட போவீங்க.

எதுத்துப் பேசுவாங்களான்னா, பேசுறாங்க, நான் கண்ணால பாத்திருக்கேன். என் கவலை வேற, அந்தக் காசு பத்தல, அதுவும் கொஞ்சம் கொஞ்ச வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டுத்தான் வருது. நியூ சவுத் வேல்ஸ்ல என்டிஐஎஸ் வந்துருச்சே இனி எதுக்குன்னு 2018 நடுவுல மாநிலக் காசை நிறுத்தப் பாத்தாங்க, ஊனமுற்றவங்களே தெருவுக்கு வந்து சத்தம் போட்டப்புறம்தான் ரெண்டு வருஷம் நீட்டுனாங்க. ஊனமுற்றவங்களுக்கு நடக்குற கொடுமைய விசாரிக்க கவர்மென்ட் போட்ட டிசபிலிட்டி ராயல் கமிஷன் நாலு வருஷத்துக்கு மேல விசாரிச்சு 2023 செப்டம்பர்ல குடுத்த ரிப்போர்ட்ல 222 சிபாரிசு, அதுல அட்வகசிக்குக் கூடுதல் காசு குடுங்க, நிலையா குடுங்கன்னும் இருக்கு. உங்களுக்கு இத ஏன் சொல்றேன்னா, நீங்க ஃபோன் பண்ணா "இப்ப புது கேஸ் எடுக்கல, அடுத்த மாசம் கூப்பிடுங்க"ன்னு பதில் வர வாய்ப்பு ஜாஸ்தி. எனக்கு முதல்ல ஃபோன் பண்ண எடத்துல அதான் வந்துச்சு. நான் வேண்டாம்னு சொல்றாங்க போலன்னு நெனச்சு ஒரு மாசம் சும்மா இருந்துட்டேன், அந்த முட்டாள்தனம் நீங்க பண்ணாதீங்க. ரெண்டு மூணு எடத்துல பேர் குடுத்து வைங்க.

ஆனா அவங்க வர்ற வரைக்கும் நாள் நிக்காது. முடிவு லெட்டர் கைக்கு வந்து மூணு மாசத்துக்குள்ள இன்டர்னல் ரிவியூ, அதாவது அந்த ஏஜென்சியே முடிவைத் திரும்பப் பாக்கணும்னு கேக்கணும், அதுக்கு அட்வகேட் தேவையே இல்ல, நீங்களே கேட்டுரலாம், ரிப்போர்ட் பின்னாடி சேத்துக்கலாம். அறுபது நாளுக்குள்ள பதில் தரணும்னு அவங்களுக்குக் கணக்கு இருக்கு. அந்தப் பதிலும் சரியில்லன்னா 28 நாளுக்குள்ள டிரிப்யூனல், ஏஏடின்னு இருந்த பழைய டிரிப்யூனல 2024 அக்டோபர்ல எடுத்துட்டு அட்மினிஸ்ட்ரேட்டிவ் ரிவியூ டிரிப்யூனல்னு வச்சிருக்காங்க, என்டிஐஎஸ் கேசுக்கு அங்க ஃபீஸ் கிடையாது. அட்வகேட் முக்கியமா வேணுங்கிறது இந்தக் கட்டத்துலதான்.

இப்ப என் கதை. எம் பொண்ணு வீல்சேர். அவளுக்குப் பதிமூணு வயசுல ஸ்கூல்ல மூணு நாள் கேம்ப், அவ வந்தா பாத்துக்க ஆள் இல்லன்னு நைசா கழட்டி விடப் பாத்தாங்க. ஸ்கூல் பேரு வேண்டாம். நான் போயி "நானே கூட வர்றேன், ராத்திரி நானே பாத்துக்கறேன்"னு கெஞ்சாத குறையா கேட்டேன், அதுக்கும் இழுத்தாங்க. அப்பதான் அட்வகேட் கெடச்சாங்க, அம்பது வயசு அம்மா, அவங்களே வீல்சேர்தான். மீட்டிங்ல பிரின்சிபல் ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கம். அந்தம்மா என்னையப் பாக்கவே இல்ல, நேரா எம் பொண்ணப் பாத்து உனக்கு என்ன வேணும்னு கேட்டாங்க. பழக்க தோஷம், நான் பதில் சொல்ல ஆரம்பிச்சேன். கைய லேசா தூக்கி, "அவகிட்ட கேட்டேன்"னாங்க. எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. எம் பொண்ணு பேச நேரமாகும், ஒரு வாக்கியத்துக்கு அர நிமிஷம் ஆகும், எல்லாரும் மேசையப் பாத்துட்டு உக்காந்திருக்கோம், அவ சொன்னா, ஃப்ரெண்ட்ஸ் படுக்குற ரூம்லயே படுக்கணும், அம்மா வர வேணாம்.

அம்மா வர வேணாமாம்!

அந்தம்மா அதையே புடிச்சுக்கிட்டு 2005 எஜுகேஷன் ஸ்டாண்டர்ட்ஸ எடுத்து வச்சாங்க, டிசபிலிட்டி டிஸ்கிரிமினேஷன் சட்டத்துக்குக் கீழ வர்றது அது, மத்த பிள்ளைங்க மாதிரியே இவளும் கலந்துக்க ஸ்கூல் தன்னால முடிஞ்ச ஏற்பாட்டைப் பண்ணணும். ஒரு ஹெல்ப்பர் போட்டாங்க, அவ போனா, நான் மூணு நாளும் வீட்டுல ஃபோனையே பாத்துக்கிட்டு கெடந்தேன். அதனால முன்னாடியே சொல்றேன், அட்வகேட் உங்களுக்கு ஆள் இல்ல, உங்க பையனுக்கு ஆள். பதினோரு வயசுதானேன்னு நெனைக்காதீங்க, அவன்கிட்டயும் கேப்பாங்க.

போன திங்கக்கெழம சித்தி பையனுக்கு உதவித்தொகை மனுவோட ஊட்டி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்குப் போயிருந்தேன். மரத்தடியில மனு எழுதுறவரு "பெறுநர், மாண்புமிகு"ன்னு ஆரம்பிச்சு மடமடன்னு எழுதிக் குடுத்துட்டாரு, அவன் வாயத் தொறக்கவே விடல, நானும் விடல. பஸ் ஏறினப்புறம்தான் அந்தம்மா கையத் தூக்கி "அவகிட்ட கேட்டேன்"னது ஞாபகம் வந்துச்சு. ஊனமுற்றவங்க சங்கத்துக்காரங்க ரெண்டு பேரு அங்க நின்னாங்க, கைக்காசு போட்டு கூடலூர்ல இருந்து வந்தவங்க, அவங்களுக்கு ஒரு டீ கூட யாரும் வாங்கித் தரல.

எந்த ஆபீஸ்னு தெரியலன்னா டிசபிலிட்டி கேட்வே, 1800 643 787. தமிழ்ல பேசணும்னா முதல்ல 131 450 கூப்பிட்டு தமிழ்னு சொல்லுங்க, டிஐஎஸ்ங்கிற கவர்மென்ட் மொழிபெயர்ப்பு சேவைக்காரங்க மொழிபெயர்ப்பாளர லைன்ல வச்சுத் தருவாங்க. ஸ்ரீலங்காத் தமிழ் பேசுறவங்க வந்தா கொஞ்சம் காதைத் தீட்டிக்கணும், அவ்வளவுதான்.

அந்த முடிவு லெட்டர்ல என்ன தேதி போட்டிருக்குன்னு மட்டும் இன்னிக்கே பாத்துச் சொல்லுங்க தம்பி.