படகுக்கும் ஒரு பங்கு: கேள்வி பதில்

கூட்டாகப் படகு வாங்குவது, குடும்பத்தோடு கடலுலா போவது பற்றி நெல்லைச் சீமையிலிருந்து வந்த கேள்விகளுக்கு, தூத்துக்குடிக் கடலில் நெடுங்காலமாகப் பாய்மரப் படகு ஓட்டிவரும் படகுச் சங்க உறுப்பினர் ஒருவர் பதில் சொல்கிறார்.

அண்ணாச்சி, நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து சிறிய பாய்மரப் படகு வாங்கப்போகிறோம். பின்னால் மனக்கசப்பு வராமலிருக்க என்ன செய்யலாம்? (பாளையங்கோட்டை)

ஐந்தாகப் பிரிக்காதீர்கள், தம்பி; ஆறாகப் பிரியுங்கள். ஆறாவது பங்கு படகுக்கு. உவரி, கூடுதாழை பக்கம் மீன் விற்ற பணத்தில் செலவு போக, ஆட்களுக்குப் பிரிக்கும்போது வள்ளத்துக்கும் வலைக்கும் தனியாகப் பங்கு எடுத்துவைப்பார்கள். கடலை நம்பி வாழ்கிறவர்கள் கண்ட கணக்கு அது. நீங்களும் மாதச் சந்தாவில் ஆறில் ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்குங்கள். பாய் கிழிந்தால் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. நாளிலும் அதற்குப் பங்கு உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறு படகை இறக்காமல், ஐவரும் கரையில் உட்கார்ந்து கயிறு மாற்றுங்கள், விரிசல் பாருங்கள்.

பணத்தால் பிரிந்த கூட்டை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒருவர் கழுவாமல் விட்டுப்போனதால் பிரிந்தவற்றைப் பார்த்திருக்கிறேன். கடல்நீர் காய்ந்த பாயின் மடிப்பை விரலால் தடவினால் உப்புத்தாள் போல நரநரக்கும். தையல் அங்கேதான் முதலில் விடும். நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்திச் சுருட்டி வைக்கும் நேரமும் சேர்ந்ததுதான் ஒருவருடைய முறை. தேதி, காற்று, பழுது, கையெழுத்து என்று ஒரு நோட்டுப் போடுங்கள். உடைத்ததை மறைக்காமல் எழுதியவருக்குத் தண்டம் கிடையாது என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். மறைத்த பழுதுதான் கடலுக்குள் போன பிறகு ஆளைக் கவிழ்க்கும்.

ஆனி, ஆடியில் எங்கள் ஊர்க் காற்றாலைகள் வேகமாகச் சுற்றுகின்றன. பாய்மரத்துக்கு அதுதானே நல்ல காலம்? (கயத்தாறு)

பழகிய கைக்கு நல்ல காலம். குடும்ப உலாவுக்கு ஆகாத காலம். மேற்கிலிருந்து வரும் அதே மேல்காற்றுதான் தூத்துக்குடியிலும் அடிக்கிறது. எங்கள் கரை கிழக்கே பார்த்தது என்பதால், அது கரையிலிருந்து கடலுக்குள் தள்ளும். கரையோரம் தண்ணீர் தாம்பாளம் போலக் கிடக்கும். தள்ளிப் போகப் போகத்தான் அலை எழும்பும். திரும்பும்போது காற்று முகத்தில் அறையும். பாய்மரப் படகு காற்றுக்கு நேர் எதிரே போகாது. ஏறக்குறைய 45 பாகை விலகி, இடமும் வலமுமாக மாறி மாறி ஓட்டித்தான் கரை சேர வேண்டும்.

ஓர் ஆடி மாதம் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போய் அப்படி மாட்டினேன். சுக்கான் பிடித்த கை மரத்துப்போனது. கடைசியில் ஒரு நாட்டுப்படகுக்காரர் கயிறு வீசி இழுத்து வந்தார். "இது கச்சான். தெரியாதா?" என்று மட்டும் கேட்டார். மேல்காற்றைத்தான் கடற்கரையில் கச்சான் என்பார்கள். அதற்குப் பிறகு புதியவர்களை மாசி, பங்குனியில்தான் அழைத்துப்போகிறேன். அப்போது பிற்பகல் காற்று கடலிலிருந்து வீசும். கை தவறினாலும் கரைக்கே தள்ளும்.

குடும்பத்தில் பன்னிரண்டு பேர். ஒரே நடையில் போய்வரலாமா? (அம்பாசமுத்திரம்)

வேண்டாம், அம்மா. உலாவைக் கரையில் வையுங்கள். புளியோதரையும் பாட்டும் அங்கே இருக்கட்டும். படகில் மூன்று மூன்று பேராகப் போய்வரட்டும். குழந்தைக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டியதும் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். அது மோவாய்க்கு மேல் ஏறினால் அளவு பெரிது. இன்று போக வேண்டாம் என்று சுக்கான் பிடிப்பவர் சொன்னால் மறுபேச்சு கூடாது, மாமனாராக இருந்தாலும்.

குறுக்குத்துறையில் நீந்தி வளர்ந்தவன் நான். எனக்கும் லைஃப் ஜாக்கெட் வேண்டுமா? (திருநெல்வேலி டவுன்)

வேண்டும். ஆற்றில் களைத்தால் படித்துறை பக்கத்தில் இருக்கும்.

வான் தீவில் இறங்கிச் சாப்பிடலாமா? (திசையன்விளை)

கூடாது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் இறங்க முடியாது. அந்தப் பக்கம் நங்கூரமும் போடாதீர்கள், பவளம் நொறுங்கும். பவளப்பாறையை வெட்டி எடுத்தே விலாங்குச்சல்லித் தீவைக் கடலுக்குள் அனுப்பிவிட்டோம். நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை.

மகளுக்குப் பத்து வயது. படகோட்டக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள். (தென்காசி)

சரியான வயது. 'ஆப்டிமிஸ்ட்' என்ற 2.3 மீட்டர் நீளப் படகு குழந்தைகளுக்கென்றே வந்தது. ஒரே பாய், ஒரே ஆள். சென்னைப் பெண் நேத்ரா குமணன் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு ஓட்டினார் என்று அவளிடம் சொல்லுங்கள். முதல் பாடம் கவிழ்ப்பது. கவிழ்ந்த படகின் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பலகையில் ஏறி நின்று, தன் எடையால் அதை நிமிர்த்தப் பழகிய பிறகே சுக்கான். தனிப்படகு வாங்காதீர்கள், அந்த வகைப் படகுக்கான போட்டிகள் 15 வயதோடு முடிந்துவிடும். சங்கப் படகு போதும். கழுவும் வேலையை மட்டும் அவளிடமே விடுங்கள்.