கேபிள் வலையமைப்பும் புவியியல் தகவல் முறைமையும்: கேள்வி பதில்

ஜி.ஐ.எஸ். எனப்படும் புவியியல் தகவல் முறைமையில் (இடங்களை அவற்றின் விவரங்களோடு சேர்த்து வைக்கும் கணினி வரைபட முறை) ஃபைபர் (ஒளியிழைக் கேபிள்) வலையமைப்பின் இருப்புப் பதிவேட்டைப் பராமரிப்பது குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும்.

கேள்வி (சிறிய இணையச் சேவை நடத்துபவர், நாமக்கல்): கேபிள் பாதைகளைக் கூகுள் எர்த்தில் வரைந்திருக்கிறோம், கோர் (கேபிளுக்குள் இருக்கும் இழை) விவரங்கள் எக்செலில் இருக்கின்றன. இதற்கு மேல் ஜி.ஐ.எஸ். எதற்கு ஐயா?

பதில்: நீங்கள் வரைந்த கோடு கேபிள் எங்கே போகிறது என்பதைக் காட்டும், எது எதனோடு இணைந்திருக்கிறது என்பதைக் காட்டாது. கேபிள் அறுந்த இரவில் உங்களுக்குத் தேவைப்படுவது இரண்டாவதுதான்: நீல டியூபின் (கேபிளுக்குள் இழைகளைத் தாங்கும் சிறு குழாய்) ஆரஞ்சு இழை எந்த ஜாயின்ட்டில் (இழைகளை ஒட்டும் இணைப்புப் பெட்டி) எந்த இழையோடு ஒட்டப்பட்டு, எந்த ஸ்ப்லிட்டர் (ஒளியைப் பல கிளைகளாகப் பிரிக்கும் கருவி) வழியாக எந்தெந்த வீடுகளுக்குச் செல்கிறது என்ற விவரம். ஆகவே பாதை, டக்ட் (கேபிள் செல்லும் நிலத்தடிக் குழாய்), கேபிள், டியூப், இழை ஆகியவற்றைத் தனித்தனி அட்டவணைகளாக அமைத்து, ஒவ்வோர் ஒட்டையும் (இரு இழைகள் இணைக்கப்பட்ட இடம்) ஒரு பதிவாக வையுங்கள். தரவுதளமான போஸ்ட்ஜிஐஎஸ், வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ் ஆகிய இரண்டும் இலவசமே. உங்கள் அளவுக்கு அவை போதும். கோடுகளை அழகாக வரைவதில் பலர் மாதக்கணக்கில் செலவிடுகிறார்கள். நான் முதலில் ஜாயின்ட்டுகளையும் சேம்பர்களையும் (கேபிளை எடுத்துப் பார்க்கும் நிலத்தடித் தொட்டிகள்) பதியச் சொல்வேன், ஏனெனில் பழுது பார்ப்பவர் போய் நிற்கப்போவது அங்கேதான்.

கேள்வி (ஸ்ப்லைசிங், அதாவது இழை ஒட்டும் பணியாளர்): ஓ.டி.டி.ஆர். கருவி (இழைக்குள் ஒளியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு தூரம் அளப்பது) 6,200 மீட்டரில் முறிவு என்கிறது. வரைபடத்தில் அளந்து அந்த இடத்துக்குப் போனால் கேபிள் நன்றாக இருக்கிறது. தவறு எதில்?

பதில்: பெரும்பாலும் இரண்டிலும் தவறு இருக்காது. கருவி அளப்பது இழையின் நீளத்தை. வரைபடம் தருவது தரையின் நீளத்தை. வழியில் 12 சேம்பர்கள் இருந்து, ஒவ்வொன்றிலும் 15 மீட்டர் உபரிக் கேபிள் லூப்பாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தால், அதிலேயே 180 மீட்டர் போய்விடும். கேபிளுக்குள் டியூப்கள் முறுக்கிச் செல்வதால் இழை உறையைவிடச் சற்று நீளமாக இருக்கும். அதை 1 விழுக்காடு என்று கொண்டால் இன்னும் 60 மீட்டர் கழியும். ஆக, நீங்கள் தோண்ட வேண்டிய இடம் வரைபடத்தில் 5,960 மீட்டர் அருகே வரும். கருவியில் ஒளிவிலகல் எண்ணைச் (இழைக்குள் ஒளியின் வேகத்தைக் குறிப்பது) சரியாக இட்டிருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள்: 1.468 இருக்க வேண்டிய இடத்தில் 1.46 இருந்தால் 10 கி.மீ.க்கு 55 மீட்டர் பிசகும்.

இதற்காகவே ஒவ்வொரு லூப்பின் நீளத்தையும், கேபிள் உறையில் அச்சிட்டிருக்கும் மீட்டர் எண்ணையும் சேம்பர் வாரியாகப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். அவை இருந்தால், தொடக்கத்திலிருந்து அளக்காமல், கருவியின் வரைவில் தெரியும் கடைசி ஜாயின்ட்டிலிருந்து மட்டும் கணக்கிடலாம். பிழையும் அந்தச் சிறு துண்டுக்குள் அடங்கிவிடும்.

கேள்வி (புவித்தகவலியல் மாணவி, சென்னை): ஒரே கேபிளுக்கு இரண்டு மென்பொருள்கள் இரண்டு நீளங்களைத் தருகின்றனவே?

பதில்: ஒன்று வெப் மெர்கேட்டர் வீழலில் (உருண்டையான பூமியைத் தட்டையாக்கிக் காட்டும், இணைய வரைபடங்களில் வழங்கும் முறை) அளக்கிறது. அந்த வீழல் சென்னையின் அகலாங்கில் ஏறத்தாழ 3 விழுக்காடு நீளத்தைக் கூட்டிவிடும், 100 கி.மீ. கேபிளுக்குக் கொள்முதல் ஆணை போடுபவருக்கு அது 3 கி.மீ. பூமியை நெடுக்காங்கு வாரியாக மண்டலங்களாகப் பிரிக்கும் யு.டி.எம். முறையில் சென்னையும் மதுரையும் 44ஆம் மண்டலத்திலும், கோவையும் ஈரோடும் 43இலும் விழுகின்றன. இரண்டிலும் பரவிய வலையமைப்புக்கு 44ஐ மட்டுமே பயன்படுத்தினாலும், கோவைப் பக்கம் வரும் பிழை கிலோமீட்டருக்கு 2 மீட்டர் அளவே. அதுவும் வேண்டாமெனில் நீள்வட்டக்கோளத்தின்மீது (பூமியின் வடிவத்தை ஒத்த கோளம்) நேரடியாக அளக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி (சாலைப்பணி ஒப்பந்தக்காரர்): வரைபடத்தைப் பார்த்துத்தான் தோண்டினோம், ஆனாலும் கேபிள் அறுந்துவிட்டது.

பதில்: கைப்பேசி ஜி.பி.எஸ். திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிசகும். கட்டடங்களுக்கிடையே இன்னும் மோசம். எனவே மதகு, மைல்கல், மின்கம்பம் போன்ற அசையாப் பொருள்களிலிருந்து டேப்பால் அளந்த தூரத்தையும் கேபிளின் உரிமையாளர் பதிந்திருக்க வேண்டும். ஆழம் 1.65 மீட்டர் என்ற வழக்கமான அளவையும் நம்பிவிடாதீர்கள். பாறை உள்ள இடங்களில் அது வெகுவாகக் குறைந்திருக்கும். 2023 மார்ச்சில் இந்திய அரசு தொடங்கிய ‘கால் பிஃபோர் யூ டிக்’ செயலியில் முன்கூட்டியே தெரிவித்தால், கேபிள் உரிமையாளருக்குத் தகவல் போகும். அவர் ஆள் அனுப்பி இடத்தைக் காட்டும் வரை, ஐயப்பாடுள்ள இடத்தில் இயந்திரத்தை இறக்காமல் கையால் தோண்டிப் பார்ப்பதே நல்லது.

கேள்வி (வலையமைப்புத் திட்டமிடுநர்): தொடக்கத்தில் சரியாக இருந்த பதிவேடு ஓராண்டில் பயனற்றுப் போகிறது. யாரைப் பொறுப்பாக்குவது?

பதில்: அலுவலகத்தில் வரைபவரை அல்ல, ஜாயின்ட்டைத் திறந்தவரை. அவர் கைப்பேசியிலிருந்தே ஒட்டு விவரத்தையும் இழைகள் ஒட்டி வைக்கப்பட்ட தட்டின் புகைப்படத்தையும் அன்றே ஏற்றும்படி செய்து, அது சரிபார்க்கப்பட்ட பின்னரே ஒப்பந்தக்காரரின் பில்லை அனுமதியுங்கள். இதைவிடப் பயனுள்ள விதி வேறொன்றையும் நான் அறியேன். திட்டமிட்டது, பதித்தது, பயன்பாட்டில் உள்ளது, கைவிட்டது என்ற நிலைகளையும் பிரித்து வையுங்கள். இல்லையேல் காகிதத்தில் மட்டும் உள்ள கேபிளை நம்பி விற்பனைப் பிரிவு வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்துவிடும்.

கேள்வி (அதே திட்டமிடுநர்): இத்தரவை அயல்நாட்டுச் சர்வரில் வைக்கலாமா?

பதில்: 2021 பிப்ரவரி 15 அன்று இந்திய அரசு வெளியிட்ட புவியிடத் தரவு வழிகாட்டுதல்கள் இந்திய நிறுவனங்கள் முன் அனுமதியின்றி வரைபடத் தரவு திரட்ட வழிவிட்டன. ஆனால் கிடைமட்டத்தில் 1 மீட்டர், செங்குத்தில் 3 மீட்டர் என்ற வரம்புகளைவிட நுட்பமான தரவை இந்தியாவுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்று அவை கூறுகின்றன. நுட்பக் கருவிகளால் அளந்த பாதைகள் அந்த வரம்பைவிட நுட்பமாக இருக்கக்கூடும் என்பதால், உள்நாட்டுச் சர்வரையே தேர்ந்தெடுங்கள்.