மருத்துவர் பதில்கள்: முதுகெலும்பை இணைக்கும் அறுவை யாருக்குத் தேவை?

கேள்வி: என் கணவருக்கு வயது 52. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. மூன்று ஆண்டுகளாக இடுப்பு வலி. காலில் வலியோ மரத்துப்போவதோ இல்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் எல்-4, எல்-5 எலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் தேய்ந்து பிதுங்கியிருப்பதாக எழுதியிருக்கிறது. ஸ்குரூவும் கம்பியும் வைத்து இரண்டு எலும்புகளையும் இணைக்க வேண்டும் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சொல்கிறார்கள். செய்துகொள்ளலாமா?
- வாசகி, திருவட்டாறு

பதில்: நீங்கள் எழுதியுள்ள விவரங்களை வைத்துப் பார்த்தால், இப்போதைக்கு வேண்டாம் என்றே சொல்வேன். டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்ற வரியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு ஸ்கேன் எடுத்து 1994-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 52 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஓரிடத்தில் டிஸ்க் பிதுங்கியிருந்தது. எனவே படத்தில் தெரிவதுதான் உங்கள் கணவரின் வலிக்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

இந்த அறுவையில் ஸ்குரூவும் கம்பியும் தற்காலிகப் பிடிமானம் மட்டுமே. முள்ளெலும்புகளை ஒட்டி வைக்கப்படும் எலும்புத் துண்டுகள் மாதக்கணக்கில் வளர்ந்து, இரண்டையும் ஒரே எலும்பாக ஆக்குவதுதான் உண்மையான இணைப்பு. அது நிகழாவிட்டால் நாளடைவில் ஸ்குரூ தளரலாம், முறியவும் செய்யலாம். நிகழ்ந்துவிட்டாலோ அந்த இடத்தின் அசைவு நிரந்தரமாக நின்று, மேலும் கீழும் உள்ள டிஸ்குகள் கூடுதல் சுமையைத் தாங்க நேரிடும். நியூயார்க்கில் ரஸ்ஸல் ஹிப்ஸ், ஃபிரெட் ஆல்பி என்னும் இரு மருத்துவர்கள் 1911-இல் தனித்தனியே இம்முறையை வெளியிட்டபோது, காசநோய் அரித்த முதுகெலும்பு மேலும் கூன் விழாமல் தடுப்பதே முதன்மையான நோக்கமாக இருந்தது. (அந்தக் காசநோய் பெரும்பாலானோருக்கு மருந்துகளாலேயே குணமாகும் என்று காட்டிய ஆய்வுகளில் சென்னையில் நடந்தவையும் உண்டு என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி.) அசையக்கூடாத இடத்தின் அசைவை நிறுத்தவென வந்த அறுவை, பின்னாளில்தான் வெறும் இடுப்பு வலிக்கும் செய்யப்படலாயிற்று.

வலிக்காக மட்டும் செய்தால் பலன் உண்டா என்பதற்கு மூன்று ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். 294 பேரைக் கொண்டு ஸ்வீடனில் நடந்து 2001-இல் வெளியான ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களே இரண்டாண்டு முடிவில் மேலாக இருந்தார்கள்; ஆனால் மற்றவர்களுக்குத் தரப்பட்டது வழக்கமான பிசியோதெரபி மட்டுமே. 2003-இல் நார்வேயில் 64 பேரிடம், அஞ்சாமல் குனிந்து நிமிரக் கற்றுத்தரும் விளக்கத்தையும் முறையான பயிற்சியையும் அறுவையோடு ஒப்பிட்டபோது, ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழச் சமமாகவே தேறியிருந்தார்கள். 349 பேரைக் கொண்ட 2005-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் ஆய்வில், வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் மூன்று வாரம் தீவிரப் பயிற்சி பெற்றவர்களைவிட அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கிடைத்த கூடுதல் நன்மை மிகச் சிறியது. அறுவை செய்துகொண்டவர்களில் சிலருக்கு அதனால் சிக்கல்களும் நேர்ந்தன. ஆக, அறுவை எதனோடு ஒப்பிடப்பட்டது என்பதைப் பொறுத்தே முடிவும் மாறியிருக்கிறது. சூட்டு ஒத்தடமும் பத்து நாள் மாத்திரையும் பலன் தராததை 'எல்லாம் செய்து பார்த்துவிட்டோம்' என்று எண்ணிக்கொண்டு அறுவைக்குப் போவதுதான் எனக்கு மிகுந்த கவலையளிக்கிறது.

உங்கள் கணவரின் வேலையையும் கவனிக்க வேண்டும். பட்டையில் வெட்டு ஆண்டுக்காண்டு கீழே இறங்க இறங்க, அவர் குனியும் அளவும் கூடிக்கொண்டே போகும். முழங்கால் உயரத்துக்கும் கீழே வெட்டும்போது இடுப்பை வளைத்து நிற்காமல், ஒரு காலை மடக்கித் தரையில் ஊன்றி அமர்ந்து வெட்டச் சொல்லுங்கள். பால் வாளியை ஒரே கையில் நிறையச் சுமக்காமல் இரண்டாகப் பிரிக்கட்டும். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் ஒழுங்கான பயிற்சியைக் கற்று, சில மாதங்கள் விடாமல் செய்யட்டும். ஆனால் சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போனாலும், அமரும் இடம் மரத்துப்போனாலும், கால் வலுவிழந்தாலும் ஒரு நாளும் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்தால் காசநோய்க்கான பரிசோதனையும் தேவை.

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. நூறடி நடந்தாலே இரண்டு காலும் கனத்து மரத்துப்போய் உட்கார்ந்துவிடுகிறார். நரம்புப் பாதை சுருங்கியிருப்பதாகவும், ஓர் எலும்பு சற்றே முன்னால் நழுவியிருப்பதாகவும் கூறுகிறார்கள். நரம்பின் அழுத்தத்தை மட்டும் நீக்கினால் போதும் என்கிறார் நாகர்கோவில் மருத்துவர். இணைக்கவும் வேண்டும் என்கிறார் திருவனந்தபுரம் மருத்துவர். யாரை நம்புவது?
- வாசகர், குளச்சல்

பதில்: உலகெங்கும் மருத்துவர்களிடையே இருக்கும் கருத்து வேறுபாடுதான் இது, இருவரில் எவரையும் ஐயுற வேண்டாம். 2016-இல் ஸ்வீடனிலிருந்து வெளிவந்த 247 பேர் ஆய்வில், எலும்பு நழுவியிருந்தவர்களுக்கும்கூட, இணைப்பையும் சேர்த்துச் செய்ததால் இரண்டாண்டு முடிவில் கூடுதல் பயன் தெரியவில்லை. அதே ஆண்டில் வெளியான 66 பேர் கொண்ட சிறிய அமெரிக்க ஆய்வில், இணைத்தவர்கள் சற்று மேலாக இருந்தார்கள். மறு அறுவையும் அவர்களுக்குக் குறைவு. 2021-இல் நார்வேயில் 267 பேரிடம் பார்த்தபோது, அழுத்தத்தை மட்டும் நீக்கியதும் பின்தங்கவில்லை. அறுவை நேரமும் இரத்த இழப்பும் குறைவு என்பதால், நழுவல் சிறிதாக இருந்தால் நாகர்கோவில் மருத்துவர் சொன்ன வழியையே நான் முதலில் கருதுவேன். நிற்கும்போதும் குனிந்து நிமிரும்போதும் எடுக்கும் எக்ஸ்ரேயில் எலும்பு வெகுவாக நகர்ந்தாலோ, முதுகு பக்கவாட்டில் வளைந்திருந்தாலோ, திருவனந்தபுரம் மருத்துவரின் கருத்துக்கு வலுவுண்டு. அந்த எக்ஸ்ரே எடுக்கப்பட்டதா என்று இருவரிடமும் கேளுங்கள். எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். மெலிந்த எலும்பில் ஸ்குரூ சரியாகப் பிடிக்காது.

கேள்வி: அண்ணனுக்கு இணைப்பு அறுவை முடிந்து ஒரு மாதம் ஆகிறது. பீடியை விடவில்லை. வர்ம ஆசானிடம் தடவிக்கொள்ளவும் விரும்புகிறார். செய்யலாமா?
- வாசகர், மார்த்தாண்டம்

பதில்: புகைப்பவர்களுக்கு எலும்பு ஒட்டாமல் போகும் வாய்ப்பு அதிகம்; பீடியை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். ஆசான்களின் கைத்திறனை நான் மதிப்பவன்தான். ஆனாலும் எலும்பு கூடிவிட்டது என்று அறுவை செய்த மருத்துவர் படம் பார்த்து உறுதிசெய்யும்வரை முதுகில் எவரும் அழுத்தவோ முறுக்கவோ கூடாது. அறுவை நடந்ததை ஆசானிடமும் மறைக்கக் கூடாது.